மூலையில் உட்கார வைக்காதீர்கள்!

"வயசாயிடுச்சு. முட்டி வலி வராம வேற என்ன வரும்?"

இப்படிச் சொல்லாத வீடு உண்டா? கிடையாது. பாட்டி சொல்வாள். பக்கத்து வீட்டுக்காரர் சொல்வார். மருந்துக் கடையில் நிற்கிறவர்கூடச் சொல்வார்.

இது தப்பு என்பது என் அபிப்பிராயம். சும்மா சொல்லவில்லை. என் சொந்த வீட்டில் பட்ட அனுபவத்தில் சொல்கிறேன்.

குடியாத்தத்தில் என் ஆயா இருந்தார். ஆயா என்றால் எங்கள் பக்கத்தில் பாட்டி. நாற்பது வருடம் பீடி சுற்றினார். தரையில் சம்மணம் போட்டு உட்காருவார். மடியில் முறம். முறத்தில் இலையும் தூளும். காலையில் உட்கார்ந்தால், சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார். ஆயிரம் பீடி கணக்கு ஆக வேண்டுமே! தலை குனிந்தபடி இருக்கும். முழங்கால் மடங்கியபடி இருக்கும். விரல் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும்.

வருடா வருடம் வைகாசி முதல் தேதி, கெங்கையம்மன் சிரசு திருவிழா. ஊரே திரளும். ஆயா ஒரு வருடம் தவறியதில்லை. விடியற்காலையிலேயே குளித்துவிட்டு, எங்களையும் எழுப்பிவிடுவார்.

ஒரு வருடம், "நான் வரல கண்ணு. நீங்க போயிட்டு வாங்க" என்றார்.

அன்றைக்கு நாங்கள் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. "வயசாயிடுச்சு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டோம். அதுதான் நாங்கள் செய்த முதல் தவறு.

"ஆயாவுக்கு உடம்பு தேறிடுச்சு!"

இரண்டாவது தவறு அதைவிடப் பெரியது.

யாரோ ஒரு கடையைச் சொன்னார்கள். அங்கே பொட்டலமாக மாத்திரை கட்டிக் கொடுப்பார்கள். பெயர் கிடையாது. சீட்டு கிடையாது. இரண்டு வேளை சாப்பிட்டால் வலி பறந்துவிடும் என்றார்கள்.

உண்மையாகவே பறந்தது! மூன்றாம் நாள் ஆயா எழுந்து நடந்தார். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அந்தக் கடைக்காரரைத் தெய்வம் என்றார்கள்.

ஆறு மாதம் போயிற்று. ஆயாவின் முகம் உப்பி, வட்டமாக ஆனது. "ஆயாவுக்கு உடம்பு தேறிடுச்சு" என்றார்கள் வந்தவர்கள். அது தேறுதல் அல்ல, வீக்கம்! சர்க்கரை ஏறியது. தோல் காகிதம்போல ஆனது. ஒரு நாள் கறுப்பாக வாந்தி எடுத்தார். தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

டாக்டர் பொட்டலத்தை வாங்கிப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். "எத்தனை மாசமாச் சாப்பிடுறாங்க?" என்று மட்டும் கேட்டார்.

மாத்திரையில் இருந்தது ஸ்டீராய்டு. அதோடு வலி மாத்திரையும் கலந்திருந்தது.

ஸ்டீராய்டு விஷமா? இல்லை. சில நோய்களுக்கு அது உயிர் காக்கும் மருந்து. டாக்டர் அளந்து கொடுப்பார். எப்போது குறைப்பது என்று அவருக்குத் தெரியும். ஆனால், என்ன மருந்து என்றே தெரியாமல் மாதக்கணக்கில் விழுங்கினால்? எலும்பு பலவீனமாகும். சர்க்கரை ஏறும். கிருமி எதிர்ப்பு குறையும். வலி மாத்திரையை நீண்ட நாள் சாப்பிட்டால் குடலில் புண் வரும். சிறுநீரகமும் கெடும்.

ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். இப்படிப்பட்ட மாத்திரையைப் பல மாதம் சாப்பிட்டவர்கள், பயந்துபோய் ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. அதுவும் ஆபத்து! பொட்டலத்தோடு டாக்டரிடம் போங்கள். அவர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்.

மூட்டுக்குள் என்ன நடக்கிறது?

இரண்டு எலும்பு சேரும் இடம் மூட்டு. எலும்பின் முனையில் வழுவழுப்பான குருத்தெலும்பு இருக்கிறது. நடுவிலே எண்ணெய்போல ஒரு திரவம் இருக்கிறது. கதவுக் கீலுக்கு எண்ணெய் விடுகிறோம் அல்லவா? அந்த வேலையை இந்தத் திரவம் செய்கிறது.

குருத்தெலும்பு மெலிந்து, மூட்டு கெட்டுப்போவது ஒரு வகை. இதைத்தான் மூட்டுத் தேய்மானம் என்கிறோம். முழங்கால், இடுப்பு, கை விரல் ஆகிய இடங்களில் அதிகம் வரும். உலகத்தில் 52 கோடியே 80 லட்சம் பேருக்கு இந்தத் தொல்லை இருந்ததாக உலக சுகாதார ஸ்தாபனம் 2019-ம் ஆண்டுக்குக் கணக்குச் சொல்கிறது. இவர்களில் 36 கோடியே 50 லட்சம் பேருக்கு முழங்காலில்தான் கோளாறு. நூற்றுக்கு 60 பேர் பெண்கள்!

இரண்டாவது வகை முடக்குவாதம். சித்த வைத்தியர்கள் சரவாங்கி என்று சொல்வதும் பெரும்பாலும் இதைத்தான். நோயை எதிர்க்க வேண்டிய நம் உடம்பின் காவல்படையே, ஆள் தெரியாமல் சொந்த மூட்டைத் தாக்குகிறது. இது கிழவர்களுக்கு மட்டும் வரும் நோய் அல்ல. முப்பது வயதிலும் வரும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம் வரும்.

மூன்றாவது வகை, யூரிக் அமிலம் மூட்டில் படிவதால் வருவது. ராத்திரி நன்றாகத் தூங்கியவர், திடீரென்று கால் கட்டைவிரல் நெருப்பாக எரிவதாக அலறுவார். குடியும், ஈரல் போன்ற மாமிசமும் இதைக் கிளப்பிவிடும்.

நான்காவது ஒன்றும் உண்டு. அது கொசு கொண்டுவருவது. சிக்குன்குனியா! இந்தக் காய்ச்சல் 1952-ல் ஆப்பிரிக்காவில் இன்றைய தான்சானியா நாட்டில் கண்டுபிடிக்கப்பட்டது. வலியால் உடம்பு வளைந்துபோவதைக் குறிக்கும் அந்த ஊர்ச் சொல்தான் இந்தப் பெயர். 1964-லேயே இது வேலூருக்கு வந்துவிட்டது. மறுபடியும் 2006-ல் தமிழ்நாட்டைப் படாத பாடு படுத்தியது. காய்ச்சல் சில நாளில் விட்டுவிடும். மூட்டு வலியோ சிலருக்கு மாதக்கணக்கில் விடாது. குடத்தையும் தொட்டியையும் மூடி வைப்பதும் மூட்டுக்குச் செய்யும் வைத்தியம்தான்!

எப்படிக் கண்டுபிடிப்பது?

காலையில் எழுந்ததும் மூட்டு விறைத்திருக்கிறதா? கொஞ்ச நேரம் நடந்ததும், அரைமணிக்குள் சரியாகிவிடுகிறதா? மாலையில் வேலை செய்த பிறகு வலி கூடுகிறதா? அப்படியானால் பெரும்பாலும் தேய்மானம்.

காலை விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேலும் இருக்கிறதா? இரண்டு கை விரல்களும் சேர்ந்து வீங்குகின்றனவா? சேலை மடிப்பு வைக்க முடியவில்லையா? அது முடக்குவாதமாக இருக்கலாம். ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள். ஆரம்பத்திலேயே சரியான மருந்து கொடுத்தால் விரல் கோணாமல் காப்பாற்றிவிடலாம். கோணிய பிறகு நிமிர்த்துவது கடினம்.

முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் என்ற மாத்திரை கொடுப்பார்கள். அதை வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். தெரியாமல் தினமும் சாப்பிட்டு உயிரை இழந்தவர்கள் உண்டு. வீட்டில் படிக்கத் தெரிந்த பிள்ளை, எந்தக் கிழமை என்று மாத்திரை அட்டையின் மேல் பெரிதாக எழுதிவைக்கட்டும்.

ஒரே ஒரு மூட்டு திடீரென்று வீங்கிச் சிவந்து, காய்ச்சலும் சேர்ந்துகொண்டால்? அது சீழ் பிடித்ததாக இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஓய்வு மருந்து அல்ல!

மூட்டு வலி வந்தால் நாம் என்ன செய்கிறோம்? "நீ உட்காரும்மா. எல்லாம் நாங்க பாத்துக்கிறோம்" என்கிறோம். மூலையில் ஒரு பாயோ நாற்காலியோ போடுகிறோம். தட்டு அங்கேயே வருகிறது. டெலிவிஷனும் அங்கேயே.

அன்பினால்தான் செய்கிறோம். ஆனால் அந்த அன்பே அவர்களை முடக்கிப்போடுகிறது.

நடக்காத கால் மெலியும். தொடைச் சதை கரையும். முழங்காலைத் தாங்கிப் பிடிப்பதே அந்தச் சதைதான்! அது கரைந்தால் மூட்டில் பாரம் கூடும். வலி கூடும். வலி கூடினால் இன்னும் உட்காருவார்கள். உட்கார்ந்தால் எடை ஏறும். இது செக்கு மாடு சுற்றுகிற மாதிரி சுற்றிக்கொண்டே இருக்கும்.

இந்தச் சுற்றை உடைப்பது எப்படி? இதோ, எங்கள் ஆயாவுக்கு உடற்பயிற்சி சிகிச்சை கொடுத்த பெண் சொல்லிக்கொடுத்தது:

ஒன்று: நாற்காலியில் நிமிர்ந்து உட்காருங்கள். ஒரு காலை மெதுவாக நீட்டுங்கள். தொடையை இறுக்குங்கள். ஐந்து எண்ணுங்கள். இறக்குங்கள். ஒவ்வொரு காலுக்கும் பத்து முறை. காலையும் மாலையும்.

இரண்டு: காலை நீட்டிப் படுங்கள். முழங்காலுக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வையுங்கள். துண்டை நசுக்குவதுபோல முழங்காலைக் கீழே அழுத்துங்கள். ஐந்து எண்ணி விடுங்கள்.

மூன்று: சமதரையில் நடங்கள். முதல் நாள் தெருக்கோடி வரை போதும். வாரா வாரம் கொஞ்சம் கூட்டுங்கள். காலுக்குச் சரியான, வழுக்காத செருப்பு போடுங்கள்.

ஆரம்பத்தில் லேசாக வலிக்கும். பயப்பட வேண்டாம். மறுநாளும் வலி குறையாமல் இருந்தால், செய்வதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். ஆனால் விட்டுவிடாதீர்கள்!

கைத்தடி வெட்கமா?

"கழி ஊனினா கிழவின்னு சொல்லுவாங்க" என்றார் ஆயா. வயது அப்போது எழுபத்திரண்டு!

கைத்தடி வெட்கம் அல்ல. விழுந்து இடுப்பு எலும்பு முறிவதைவிடத் தடி ஊன்றி நடப்பது மேல். ஒரு சூட்சுமம் உண்டு. வலது முழங்கால் வலித்தால், தடி இடது கையில் இருக்க வேண்டும். நம்மில் பலர் இதை மாற்றிப் பிடிக்கிறோம்.

எடையும் ஒரு முக்கிய விஷயம். உடம்பில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் விழும் பாரம் ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது. ஐந்து கிலோ குறைத்தால் இருபது கிலோ! ஒரு நாளைக்கு எத்தனை அடி வைக்கிறோம் என்று பெருக்கிப் பாருங்கள்.

ஆம்பூர் பிரியாணியைச் சாப்பிட வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். சொன்னால் ஊருக்குள் நுழைய முடியாது! மாதம் ஒரு நாள் சாப்பிடுங்கள். தினமும் தட்டு நிறையச் சோறு, அதன் மேல் டீக்கும் பன்னுக்கும் சர்க்கரை என்பதைக் குறையுங்கள். கீரை, பருப்பு, முட்டை, மோர் ஆகியவற்றைச் சேருங்கள்.

"உருளைக்கிழங்கு வாய்வு. அதுதான் முட்டியில இறங்கிடுச்சு" என்பார்கள். உருளைக்கிழங்கு தின்றதால் மூட்டு தேயாது. எண்ணெய் தேய்த்து நீவினால் சுகமாக இருக்கும். தாராளமாகத் தேயுங்கள். வெந்நீர் ஒத்தடமும் நல்லது. ஆனால், தேய்ந்த குருத்தெலும்பு எண்ணெயால் மறுபடி வளராது. வளரும் என்று சொல்லி ஆயிரக்கணக்கில் பணம் கேட்பவரை நம்பாதீர்கள்.

புகை பிடிப்பவர்களுக்கு முடக்குவாதம் வரும் ஆபத்து அதிகம். பீடி சுற்றுகிற கை வலிப்பது ஒரு பக்கம். பீடி பிடிக்கிறவர் கை முடங்குவது இன்னொரு பக்கம்!

வேலை செய்யும் இடம் மாற வேண்டும்

நம் பக்கத்து ஜனங்கள் செய்யும் தொழில்களைப் பாருங்கள்.

குடியாத்தம் லுங்கியை நெய்கிறவர் தறிக் குழியில் காலைத் தொங்கவிட்டு, நாள் முழுவதும் மிதிக்கிறார். முதுகு வளைந்தே இருக்கிறது. பேரணாம்பட்டிலும் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் பதனிடும் தொழிலாளி, ஈரத் தோலைத் தூக்கிப் போடுகிறார். நனைந்த தோலின் கனம் தூக்கியவருக்குத்தான் தெரியும். காலுக்குக் கீழே தரையும் ஈரம். ஷூ கம்பெனியில் பெண்கள் மணிக்கணக்கில் ஒரே நிலையில் நின்றோ, தையல் எந்திரத்தின் முன் குனிந்தோ வேலை செய்கிறார்கள்.

தரையில் உட்காருவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. நம் முன்னோர் உட்கார்ந்தார்கள், எழுந்தார்கள், நடந்தார்கள். மணிக்கணக்கில் முழங்காலை மடக்கியபடி அசையாமல் இருப்பதும், பாரம் தூக்கியபடி குந்தி எழுவதும்தான் மூட்டைக் கெடுக்கின்றன.

1948-ல் வந்த தொழிற்சாலைச் சட்டத்தின் 44-வது பிரிவு என்ன சொன்னது தெரியுமா? நின்று வேலை செய்கிற தொழிலாளிகள், இடையில் ஓய்வு கிடைக்கும்போது உட்கார வசதி செய்ய வேண்டும் என்றது. கடைகளில் நிற்கிறவர்களுக்கு அந்த உரிமை கிடைக்க இன்னும் எழுபது வருடத்துக்கு மேல் ஆயிற்று. தமிழ்நாட்டில் 2021-ல்தான் கடை ஊழியர்களுக்கு உட்காரும் வசதி வேண்டும் என்று சட்டம் திருத்தப்பட்டது. அதற்கு முன் 2018-ல் கேரளம் செய்தது.

சட்டம் இருந்தால் போதுமா? ஸ்டூல் இருக்க வேண்டும்! ஸ்டூல் இருந்தால் போதுமா? உட்கார்ந்தால் முறைக்காத மேஸ்திரி இருக்க வேண்டும்!

முதலாளிமார்களுக்கு ஒரு வார்த்தை. மணிக்கு ஐந்து நிமிடம் எழுந்து கை காலை நீட்ட விடுங்கள். உற்பத்தி குறையாது. நாற்பது வயதில் கை தேர்ந்த தொழிலாளி, மூட்டு வலியால் வேலையை விட்டுப் போனால் நஷ்டம் யாருக்கு?

வீட்டில் பீடி சுற்றும் தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களை எழுப்ப மேஸ்திரி இல்லை. நீங்களே ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டு முடிந்தால் எழுந்து நாலடி நடங்கள். சுவரில் முதுகைச் சாயுங்கள். ஒரு காலை நீட்டி வையுங்கள். விரல்களை விரித்து மடக்குங்கள்.

அன்று மரத்தடி, இன்று வாசற்படி

வேலூரிலிருந்து குடியாத்தத்துக்கு முப்பது சொச்சம் கிலோ மீட்டர். இந்தச் சாலைக்கு ஒரு சரித்திரம் உண்டு.

நூறு வருடத்துக்கும் முன், டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் வாரம் ஒரு முறை இந்தச் சாலையில் வருவார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு 1900-ல் ஒரே ஒரு படுக்கையுடன் வித்திட்டவர் அவர்தான். முதலில் வண்டியில் வந்தார். பிறகு மோட்டார் காரில் வந்தார். வழி நெடுக மரத்தடியில் ஜனங்கள் காத்திருப்பார்கள். அங்கங்கே நிறுத்தி வைத்தியம் பார்ப்பார். நோயாளி வர முடியாவிட்டால் டாக்டர் போக வேண்டும் என்பது அவர் கொள்கை.

அதே ஆஸ்பத்திரியில் டாக்டர் மேரி வர்கீஸ் இருந்தார். 1954-ல் ஒரு கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே செயல் இழந்தார். மூலையில் முடங்கினாரா? இல்லை. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். அமெரிக்கா போய் மறுவாழ்வு மருத்துவம் படித்தார். திரும்பி வந்து, அந்தத் துறையை வேலூரில் நடத்தினார். 1966-ல் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. முடங்கியவர்களை மறுபடியும் நடமாட வைப்பதே அதன் வேலை.

கால் போன ஒரு டாக்டர் அத்தனை பேரை எழுப்பினார். கால் இருக்கிற நம் பாட்டியை நாம் உட்கார வைக்கலாமா?

இன்றைக்கு வழி இருக்கிறது. 2021 ஆகஸ்டு 5-ந் தேதி, கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டம் தொடங்கப்பட்டது. சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மருந்து வீட்டுக்கே வருகிறது என்பது பலருக்குத் தெரியும். உடற்பயிற்சி சிகிச்சையும் அந்தத் திட்டத்தில் உண்டு என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். கேட்டால்தான் கிடைக்கும்.

மூட்டு முழுக்கக் கெட்டுப்போய், ராத்திரி தூக்கமும் போய்விட்டதா? செயற்கை மூட்டு வைக்கும் ஆபரேஷன் இருக்கிறது. அரசு ஆஸ்பத்திரிகளிலும் செய்கிறார்கள். அது கடைசிப் படி. முதல் படியிலேயே அதற்கு ஓட வேண்டாம். தேவைப்படும்போது பயந்து ஓடவும் வேண்டாம்.

வீட்டில் நாளைக்கே செய்யலாம்

பணம் அதிகம் வேண்டாம். மனசு வேண்டும்.

காய் நறுக்க அரிவாள்மனைக்குப் பதில், மேஜையும் கத்தியும் கொடுங்கள். கக்கூசில் குந்த முடியாதவருக்கு, நடுவில் ஓட்டை போட்ட நாற்காலி வாங்குங்கள். சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி பதியுங்கள். தண்ணீரை ஒரே குடமாகத் தூக்க வைக்காமல், இரண்டு சின்னப் பாத்திரமாகப் பிரியுங்கள். கட்டில் உயரமாக இருக்கட்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், துணைக்கு ஓர் ஆள். தனியாக நடக்கச் சொன்னால் யாரும் நடக்க மாட்டார்கள். பேரனோ பேத்தியோ கையைப் பிடித்தால் நடப்பார்கள்.

எங்கள் ஆயா மறுபடியும் நடக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. முதலில் கட்டிலிலிருந்து வாசல் வரை. பிறகு பிள்ளையார் கோவில் வரை. வலி முழுக்கப் போகவில்லை. "இருக்குது. ஆனா நான் அதுக்கு அடங்கல" என்பார்.

இரண்டாவது வைகாசியில், அவர்தான் எங்களை எழுப்பினார். கூட்டத்துக்குள் போகவில்லை. தெருமுனையில் ஒரு ஸ்டூல் போட்டுக்கொடுத்தோம். தடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அம்மன் சிரசு வந்தபோது, எங்கள் கையைத் தள்ளிவிட்டுத் தானே எழுந்து நின்று கும்பிட்டார்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. எல்லோரும் வீட்டில் இருப்பீர்கள். பத்திரிகையை மடித்து வையுங்கள். உங்கள் வீட்டு மூலையில் உட்கார்ந்திருப்பவரிடம் போய், "வாங்க, தெருக்கோடி வரைக்கும் போயிட்டு வரலாம்" என்று கூப்பிடுங்கள்.

வர மாட்டேன் என்றுதான் சொல்வார். கையை நீட்டுங்கள்!